ஒரே எழுத்து வடிவம், வேறு பிறப்பு: ஜெர்மானிய மொழிச் சொற்கள் மறையுரையாளருக்குக் கற்பிப்பவை

சீர்திருத்த காலந்தொட்டுப் புராட்டஸ்டண்டு இறையியலின் பெரும்பகுதி ஜெர்மானிய மொழிகளில் உருவாயிற்று. லூத்தர் 1522-இல் புதிய ஏற்பாட்டையும் 1534-இல் முழுத் திருமறையையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். 1541-இல் சுவீடிஷ் திருமறையும், 1550-இல் டேனிஷ் திருமறையும், 1611-இல் அரசர் யாக்கோபின் ஆங்கிலத் திருமறையும், 1637-இல் டச்சுத் திருமறையும் வெளிவந்தன. இம்மொழிகள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றின் பக்கத்தைத் திறக்கும்போது, தாம் அறிந்த சொற்களே அங்கும் நிற்பதைக் காண்கிறார். அந்த அறிமுகம் பல வேளைகளில் பொய்யான அறிமுகம். ஒரே எழுத்துகளால் ஒரே வரிசையில் எழுதப்பட்ட சொல், ஒரு மொழியில் ஒரு பொருளையும் மற்றொன்றில் முற்றிலும் வேறொரு பொருளையும் தருவதுண்டு.

இச்செய்தி மொழி நூலாருக்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. திருச்சபையின் வரலாற்றில் இத்தகைய ஒற்றுமை ஒரு திருத்தந்தையின் சிலேடைக்கு இடந்தந்தது. நற்செய்தியின் பெயரையே சில நாடுகளில் மாற்றியமைத்தது. இன்றுவரை பல மறையுரைகளுக்குத் தவறான அடிப்படையாக இருந்து வருகிறது. ஆகவே இச்சொற்கள் சிலவற்றின் வரலாற்றை ஆராய்ந்து, சொல்லின் பொருளை எங்கே தேட வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு குறிப்பு முதலில் தேவை. இங்கே 'ஒரே வடிவம்' என்பது ரோம எழுத்தில் உள்ள வடிவமாகும். ஒலிப்பு மொழிக்கு மொழி வேறுபடுவதால், அச்சில் ஒன்றாகத் தோன்றும் சொல்லைத் தமிழில் சில இடங்களில் இருவகையாக எழுத நேரிடுகிறது. இவ்வொற்றுமை கண்ணுக்குரியது, செவிக்கு எப்போதும் உரியதன்று.

1. உறவினரின் முகமும் அந்நியரின் முகமும்

ஜெர்மானிய மொழிகளின் உறவு ஒழுங்கான ஒலி விதிகளுக்கு உட்பட்டது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ராஸ்க் 1818-இலும், ஜெர்மானியரான யாக்கோப் கிரிம் 1822-இலும் வெளியிட்ட நூல்களில் நிலைநாட்டினர். இவ்விதிகளுள் நமக்கு இங்கே வேண்டியது ஒன்று. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டுவரை, தென் ஜெர்மானிய நிலப்பகுதிகளில் மெய்யொலிகள் சில இடம் பெயர்ந்தன. ஆங்கிலமும் டச்சும் ஸ்காண்டிநேவிய மொழிகளும் இம்மாற்றத்திற்கு உட்படவில்லை. ஆதலால் ஆங்கிலத்தில் 'டென்' எனப்படும் பத்து ஜெர்மனில் 'ட்சேன்' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'வாட்டர்' எனப்படும் தண்ணீர் ஜெர்மனில் 'வாஸர்' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'டே' எனப்படும் நாள், வல்லொலியோடு தொடங்கி 'டாக்' ஆயிற்று.

இதிலிருந்து ஓர் எதிர்பாராத முடிவு கிடைக்கிறது. மெய்யொலிகள் பெயர்ந்துவிட்ட நிலையில், உண்மையான உடன்பிறப்புகள் ஒன்றுபோல் தோன்ற மாட்டா. அவை வேறுபட்டே தோன்றும். அப்படியிருக்க, இரு சொற்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால், அவ்வொற்றுமையே அவற்றின் உறவைப் பற்றிய ஐயத்தை எழுப்ப வேண்டும். ஜெர்மனில் நாளைக் குறிக்கும் 'டாக்' என்னும் சொல்லும், பொருள்களில் கட்டும் சீட்டைக் குறிக்கும் ஆங்கில 'டேக்' என்னும் சொல்லும் எழுத்தில் ஒன்றே. ஆயினும் முன்னதன் ஆங்கில உடன்பிறப்பு 'டே', பின்னது வேற்றாள்.

இன்னும் இரண்டு சான்றுகளைக் காண்போம். ஜெர்மனில் 'நோட்' என்பது இடுக்கண், தேவை என்று பொருள்படும். துன்பத்தில் ஆண்டவரை நோக்கிக் கூப்பிடும் சங்கீதங்களில் இச்சொல் அடிக்கடி வருகிறது. அதே மூன்று எழுத்துகள் ஆங்கிலத்தில் 'நாட்' என்னும் மறுப்புச் சொல்லாகும். ஜெர்மன் சொல்லின் உண்மையான உறவு ஆங்கிலத்தில் தேவையைக் குறிக்கும் 'நீட்' என்பதாகும். ஆங்கில மறுப்புச் சொல்லோ 'ஒரு பொருளும் இல்லை' என்னும் பழைய தொடர் தேய்ந்து குறுகியதால் தோன்றியது.

ஜெர்மனில் 'ராட்' என்பது ஆலோசனையையும் ஆலோசகரையும் குறிக்கும். ஏசாயா 9:6-இல் பிறக்கவிருக்கும் அரசருக்குச் சூட்டப்படும் திருப்பெயர்களுள் ஆலோசகர் என்பதற்கு லூத்தர் இட்ட சொல் இதுவே. அவ்வெழுத்துகளையே ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் படித்தால் எலியைக் காண்பார்! ஜெர்மன் சொல்லுக்கு ஆங்கிலத்திலுள்ள உறவு, படித்தலைக் குறிக்கும் 'ரீட்' என்னும் வினையாகும். இதன் பழம்பொருள் ஆலோசனை கூறுதல், உட்பொருளை விளக்குதல் என்பன.

2. குழந்தையும் களஞ்சியமும்

டேனிஷ், சுவீடிஷ், நார்வீஜியன் ஆகிய மொழிகளில் 'பார்ன்' என்பது குழந்தையைக் குறிக்கும். பெற்றெடுத்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த பழைய ஜெர்மானியச் சொல் இது. நான்காம் நூற்றாண்டில் பேராயர் உல்ஃபிலா செய்த கோத்திக் மொழிபெயர்ப்பிலும் இதே வடிவத்தில் காணப்படுகிறது. ஸ்காட்லாந்து மக்கள் குழந்தையை 'பெயர்ன்' என்று அழைப்பதும் இதன் வழியே வந்தது.

ஆங்கிலத்தில் அதே நான்கு எழுத்துகள் தானியக் களஞ்சியத்தைக் குறிக்கின்றன. வாற்கோதுமை என்பதற்கும் வீடு என்பதற்கும் உரிய இரு பழஞ்சொற்கள் இணைந்து, தேய்ந்து, ஓரசையாகச் சுருங்கியதே அது. குழந்தையைக் குறிக்கும் சொல்லோடு அதற்கு எவ்வகை உறவும் இல்லை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் மேய்ப்பர்கள் கண்டடையப் போகும் பாலகனை டேனிஷ் திருமறை இச்சொல்லால் குறிக்கிறது. அதே நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் மதியீனனான செல்வந்தன் இடித்துப் பெரிதாய்க் கட்ட எண்ணுவதை ஆங்கிலத் திருமறை இதே வடிவின் பன்மையால் குறிக்கிறது. எழுத்தை மட்டும் நம்புபவர் எங்கே போய் முடிவார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

3. ஒளியும் பாதாளமும்

'ஹெல்' என்னும் சொல் ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிப்பதை யாவரும் அறிவர். ஜெர்மனில் அதே எழுத்துகள் 'ஒளிமிக்க' என்று பொருள்படும். ஒளி நிறைந்த நாளையும் வெளிச்சமான அறையையும் ஜெர்மானியர் இச்சொல்லால் குறிப்பிடுகின்றனர். இது தொடக்கத்தில் ஒலியைப் பற்றிய சொல். உரத்து முழங்குவது என்பதே அதன் பழம்பொருள். செவிக்குரிய தெளிவு காலப்போக்கில் கண்ணுக்குரிய தெளிவாயிற்று. ஆங்கிலச் சொல்லோ 'மறைத்தல்' என்னும் வேரிலிருந்து வந்தது. மறைவான இடம், இறந்தோர் உறையும் கீழுலகம் என்பது அதன் முதற்பொருள். முழங்குதலும் மறைத்தலும் ஆகிய இரு வேர்களுக்கும் தொடர்பில்லை.

லூத்தரின் காலத்தில் இவ்வொற்றுமை ஜெர்மன் மொழிக்குள்ளேயே நெருங்கியிருந்தது. இன்று 'ஹோல்லெ' என்பதற்கு நெருங்கிய ஒலியோடு வேறு உயிரெழுத்து இட்டு எழுதப்படும் நரகச் சொல், 1545-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஹெல்லெ' என்றே அச்சிடப்பட்டிருந்தது. ஒளியைக் குறிக்கும் சொல்லின் திரிபு வடிவமும் 'ஹெல்லெ' என்று அமையும். எனினும் படித்தவர் எவரும் மயங்கவில்லை. வாக்கியம் அவர்களுக்கு வழி காட்டியது.

இங்கே மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. உல்ஃபிலா தம் கோத்திக் மொழிபெயர்ப்பில் இறந்தோர் உலகமாகிய ஹாதேஸைக் குறிக்க 'ஹால்யா' என்னும் நாட்டுச் சொல்லை இட்டார். தண்டனைக்குரிய கெஹென்னாவைக் கிரேக்க வடிவிலேயே எடுத்தாண்டார். பிற்காலத்தில் லூத்தரும் 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பாளரும் இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கினர். ஹாதேஸைப் பாதாளம் என்றும் கெஹென்னாவை நரகம் என்றும் பிரித்துக் காட்டும் தமிழ்த் திருமறை, இவ்வகையில் அவர்களைவிட உல்ஃபிலாவுக்கே அண்மையில் நிற்கிறது. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மத்தேயு 16:18-ஐ விளக்க முற்படுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

4. தூண்டிலும் தூதரும்

'ஏஞ்சல்' என்று ஆங்கிலேயர் ஒலிக்கும் ஐந்தெழுத்துச் சொல் தேவதூதரைக் குறிக்கும். அதே ஐந்தெழுத்துகளை ஜெர்மானியர் 'அங்கெல்' என ஒலிப்பர். அது தூண்டிலைக் குறிக்கும், கதவு சுழலும் கீலையும் குறிக்கும். மத்தேயு 17:27-இல் பேதுரு கடலில் போட வேண்டிய தூண்டிலும், நீதிமொழிகள் 26:14-இல் சோம்பேறிக்கு உவமையாகும் கதவின் கீலும் லூத்தர் திருமறையில் இச்சொல்லாலேயே குறிக்கப்படுகின்றன. தேவதூதருக்கு ஜெர்மனில் உரிய சொல் 'எங்கெல்'.

இரண்டின் பிறப்பும் வேறு. தூண்டிலைக் குறிப்பது, வளைந்த கொக்கி என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொல். தூதரைக் குறிப்பது 'அங்கெலோஸ்' என்னும் கிரேக்கச் சொல். இலத்தீன் வழியாகத் திருச்சபையோடு வடக்கே பயணம் செய்தது. பழைய ஆங்கிலத்தில் நிலைமை இன்றைய ஜெர்மனைப் போலவே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அங்கே 'அங்கெல்' என்றால் தூண்டில். 'எங்கெல்' என்றால் தூதர். பின்னர்ப் பிரெஞ்சு மொழியின் செல்வாக்கால் தூதரின் பெயர் புது ஒலி பெற்று இன்றைய வடிவத்தை அடைந்தது. தூண்டிலின் பெயர் மீன்பிடித்தலைக் குறிக்கும் 'ஆங்கிள்' என்னும் வினையாக ஒதுங்கிக்கொண்டது.

மூன்றாவது ஒரு பெயரும் இங்கே வந்து சேர்கிறது. இங்கிலாந்துக்குத் தம் பெயரை ஈந்த ஆங்கிலர் என்னும் குடியினர், இன்றைய ஜெர்மனியின் வட எல்லையில் உள்ள ஆங்கெல்ன் என்னும் பகுதியிலிருந்து வந்தவர்கள். அந்நிலம் கொக்கி போல் வளைந்திருந்ததால் அப்பெயர் பெற்றது என்று கருதுவோர் பலர். 731-இல் தம் திருச்சபை வரலாற்றை முடித்த பீட் என்னும் துறவி, முன்னோர் வழியாக வந்த ஒரு செய்தியை அதில் பதிந்துள்ளார். பிற்காலத்தில் திருத்தந்தையான முதலாம் கிரெகோரி, உரோமைச் சந்தையில் விற்பனைக்கு நின்ற அழகிய சிறுவர்களைக் கண்டு அவர்கள் எந்த இனத்தார் என்று வினவினார். 'ஆங்லி' என்று மறுமொழி வந்தது. இலத்தீனில் தேவதூதரைக் குறிக்கும் 'ஆங்கெலி' என்னும் சொல்லோடு அப்பெயரை இணைத்து, அவர்கள் முகமும் தூதர் முகமே என்று அவர் கூறினாராம்.

597-இல் கிரெகோரி அனுப்பிய அகுஸ்தீன் கென்ட் நாட்டில் வந்து இறங்கினார். சிலேடை ஒன்று ஓர் இனத்தின் மேல் அன்பு கொள்ளத் தூண்டியது எனின், அச்சிலேடையைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் அவ்வின்பத்தை நாம் சொற்பிறப்பு ஆராய்ச்சியாகக் கொள்ளுதல் கூடாது. ஆங்கிலர் என்னும் பெயர் தூண்டிலின் சுற்றத்தைச் சேர்ந்ததாகலாம். தூதரின் சுற்றத்தைச் சேர்ந்ததன்று. கிரெகோரியைத் தூண்டியது அச்சிறுவர்மேல் கொண்ட இரக்கமே. சொல்லின் வேர் அதற்குக் காரணமன்று.

5. கடவுளும் நன்மையும்

இப்பொருளில் இறையியலாருக்கு மிகவும் உரிய சான்று இனி வருவது. ஆங்கிலத்தில் 'காட்' என்றால் கடவுள். டேனிஷ், சுவீடிஷ், நார்வீஜியன் மொழிகளில் அதே மூன்று எழுத்துகள் 'நல்ல' என்று பொருள்படும். அம்மொழிகளில் கடவுளைக் குறிக்கும் சொல் நடுவில் உகர உயிரைக் கொண்டது. டேனிஷில் ஏறத்தாழ 'குத்' என ஒலிக்கும். தம்மை நல்லவர் என்று அழைத்தவனிடம், கடவுள் ஒருவரே நல்லவர் என்று ஆண்டவர் உரைக்கும் மாற்கு 10:18-ஐ டேனிஷ் திருமறையில் ஆங்கிலேயர் ஒருவர் கண்ணோட்டமாகப் பார்த்தால், எது கடவுள், எது நல்லது என்று தடுமாறுவார்.

கடவுளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நன்மையைக் குறிக்கும் 'குட்' என்பதிலிருந்து வந்தது என்று மறையுரைகளில் கூறப்படுவதுண்டு. நன்மையே உருவானவர் என்று அவ்விளக்கம் இனிமையாகவும் முடிகிறது. கருத்து மெய்யே, சொற்பிறப்பு தவறு. நன்மைச் சொல், பொருந்துதல், ஒன்றுசேர்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. ஒன்றுகூட்டுதலைக் குறிக்கும் 'கேதர்' என்னும் ஆங்கில வினையும் அக்குடும்பத்ததே. கடவுட் சொல்லோ, 'அழைக்கப்படுபவர்' அல்லது 'பலி வார்க்கப்படுபவர்' என்று பொருள்படும் வேறொரு பழஞ்சொல்லின் வழித்தோன்றல் என்பதே அறிஞர் பொதுவாகக் கொள்ளும் முடிவு.

இம்மயக்கம் எங்கே தொடங்கிற்று? பழைய ஆங்கிலத்தில் கடவுளைக் குறிப்பது குறில் ஒகரம் உடையது; நன்மையைக் குறிப்பது நெடில் ஓகாரம் உடையது. ரோம எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே குறி. தமிழில் வீரமாமுனிவர் காலத்திற்கு முன் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் ஓலையில் பிரித்தறிய இடர்ப்பட்டவர்கள் இந்நிலையை எளிதில் உணர்வர். ஏடுகளில் இரு சொற்களும் ஒன்றுபோலவே காட்சியளித்தன. பிற்காலத்தில் நன்மைச் சொல்லுக்கு உயிரெழுத்தை இரட்டித்து எழுதியதால் ஆங்கிலத்தில் வேறுபாடு வெளிப்பட்டது. டேனிஷும் சுவீடிஷும் இரட்டிக்கவில்லை. கடவுட் சொல்லின் உயிரே அங்கு வேறாக இருந்தமையால் இரட்டிக்கத் தேவையும் எழவில்லை.

இந்த எழுத்தொற்றுமை நற்செய்தியின் பெயரையே தொட்டது. 'எவாங்கெலியோன்' என்னும் கிரேக்கச் சொல்லைப் பழைய ஆங்கிலேயர் தம் மொழியில் அப்படியே ஆக்கினர்: நன்மைச் சொல்லையும், செய்தி, கதை எனப் பொருள்படும் 'ஸ்பெல்' என்பதையும் சேர்த்து 'கோட்ஸ்பெல்' என்றனர். நற்செய்தி என்னும் தமிழ்ச் சொல்லும், சுவிசேஷம் என்னும் வடமொழி ஆக்கமும் இதே முறையில் அமைந்தவை. நாளடைவில் மெய்கள் அடுத்தடுத்து நின்றதால் முன் நின்ற நெடில் குறுகிற்று. குறுகியதும், கேட்போர் அதனைக் 'கடவுளின் செய்தி' என்று எண்ணலாயினர்.

எட்டாம் நூற்றாண்டில் பொனிபாசு முதலிய ஆங்கில மறைப்பணியாளர்கள் ஐரோப்பிய நிலப்பகுதிக்குச் சென்றபோது இச்சொல்லும் உடன் சென்றது. பின்னர் வடநாடுகளையும் அடைந்தது. அம்மொழிகளில் கடவுளும் நன்மையும் வெவ்வேறு எழுத்து வடிவம் உடையவை. எனவே ஏதேனும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எழுந்தது. அவர்கள் கடவுளையே தெரிந்தனர். பழைய ஜெர்மனில் அது 'கொட்ஸ்பெல்' ஆயிற்று. ஐஸ்லாந்து மக்கள் இன்றும் நற்செய்தியைக் 'கடவுளின் உரை' என்று பொருள்படும் சொல்லால்தான் அழைக்கின்றனர்.

இதற்கிடையில் இங்கிலாந்திலேயே பழம்பொருளைக் காத்தவர் ஒருவர் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஓர்ம் என்னும் அகுஸ்தீன் சபைத் துறவி, நற்செய்திப் பகுதிகளை ஆங்கிலச் செய்யுளில் விளக்கினார். மக்களுக்குப் படித்துக் காட்டுவோர் பிழையின்றி ஒலிக்க வேண்டும் என்பது அவர் கவலை. குறில் வரும் இடமெல்லாம் அடுத்த மெய்யை இரட்டித்து எழுதினார். அவர் கையெழுத்தில் நற்செய்தியின் பெயர் இரட்டை மெய்யோடு, அதாவது குறிலோடு, நிற்கிறது. அதற்கு அவர் தரும் விளக்கமோ நல்ல வார்த்தை, நல்ல செய்தி என்பதே. மக்கள் நாவில் ஒலி மாறியதை அவர் ஒளிக்கவில்லை. பொருள் மாறிவிடாதபடியும் காத்தார். இரண்டையும் ஒருங்கே செய்த அவரது நேர்மை மறையுரையாளர் அனைவருக்கும் முன்மாதிரியாகும்.

கடவுட் சொல்லும் நன்மைச் சொல்லும் ஒன்றின் இடத்தில் ஒன்று புகுந்ததற்கு வேறு சான்றும் உண்டு. பிரியும்போது ஆங்கிலேயர் கூறும் 'குட்பை' என்பது, 'கடவுள் உம்மோடிருப்பாராக' என்னும் வாழ்த்துத் தொடர் சுருங்கியது. நற்காலை, நன்னாள் முதலிய வாழ்த்துகளைப் பின்பற்றி அதில் நன்மைச் சொல் நுழைந்தது. பெரிய வெள்ளியின் ஆங்கிலப் பெயர் 'கடவுளின் வெள்ளி' என்பதன் திரிபு என்று சிலர் கூறுவது இதைப் பார்த்து எழுந்த ஊகமே. அங்கே 'குட்' என்பது திருநாள்களுக்கு வழங்கிய பழைய அடைமொழி. புனிதமான என்பது அதன் பொருள்.

6. ஒரே பிறப்பு, பிரிந்த பொருள்

இதுவரை கண்டவை பிறப்பிலேயே வேறான சொற்கள். ஒரே தாயின் பிள்ளைகளாயிருந்தும் பொருளால் பிரிந்தவையும் உண்டு. முன்பு குறித்த ஒலிமாற்றத்தின்போது, ஃப், ஸ் என்னும் ஒலிகளை ஒட்டி நின்ற டகரம் மட்டும் காக்கப்பட்டது. அவ்விடங்களில் உடன்பிறப்புகள் ஒத்த வடிவத்தோடு நிலைத்தன.

'கிஃப்ட்' என்பது ஆங்கிலத்தில் கொடை, ஜெர்மனில் நஞ்சு. டேனிஷிலும் சுவீடிஷிலும் நஞ்சு என்றும் 'மணமான' என்றும் இருபொருள் படும். யாவும் கொடுத்தல் என்னும் ஒரே வினையிலிருந்து வந்தவை. மகளை மணம் செய்து கொடுப்பதிலிருந்து மணப்பொருள் தோன்றிற்று. பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் மணப்பெண்ணுக்குரிய பரிசத்தையே குறித்தது. ஜெர்மனில் சீதனத்தைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்னும் சொல்லில் கொடைப்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. நஞ்சுப்பொருள் வந்த வழி மருத்துவம். கிரேக்கத்தில் 'தோசிஸ்' என்றால் கொடுத்தல். மருத்துவர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவுக்கும் அது பெயராயிற்று. ஜெர்மானியர் அதைத் தம் மொழியில் பெயர்த்தபோது கொடைச் சொல்லையே இட்டனர். கொடுக்கப்படும் மருந்து, கொல்வதற்காகக் கொடுக்கப்படுவதாகச் சுருங்கிற்று.

யாக்கோபின் நிருபத்தை இவ்வொளியில் படிப்பது பயனுடையது. நன்மையான எந்த ஈவும் பரத்திலிருந்து வருகிறது என்னும் 1:17-இல் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் அதே 'தோசிஸ்'. ஆங்கிலத் திருமறை அங்கே 'கிஃப்ட்' என்கிறது. நாவு சாவுக்கேதுவான விஷம் நிறைந்தது என்னும் 3:8-இல் லூத்தர் திருமறை 'கிஃப்ட்' என்கிறது. ஒரே நிருபத்தில் ஒரே எழுத்து வடிவம், ஒரு மொழியில் பரத்தின் ஈவு, மற்றொன்றில் நாவின் நஞ்சு!

'லுஸ்ட்' என்பது ஜெர்மனில் மகிழ்ச்சி, விருப்பம். ஆங்கிலத்தில் 'லஸ்ட்' என ஒலிக்கும் அது இன்று முறையற்ற இச்சையையே பெரும்பாலும் குறிக்கிறது. லூத்தர் திருமறையில் சங்கீதம் 1:2-இன் நீதிமான் ஆண்டவருடைய வேதத்தின்மேல் கொள்ளும் பிரியத்திற்கும், 1 யோவான் 2:16-இல் கூறப்படும் மாம்சத்தின் இச்சைக்கும் இதே சொல் நிற்கிறது. ஆங்கிலத்திலும் முற்காலத்தில் அவ்வாறே இருந்தது. 1611-ஆம் ஆண்டுத் திருமறை உபாகமம் 12:15-இல், உள்ளம் விரும்பிய இறைச்சியைப் புசிக்கலாம் என்று அனுமதி தருமிடத்தில் இதனைப் பழிப்பின்றி வழங்குகிறது. மாம்சத்தின் இச்சையைக் கண்டிக்கும் பகுதிகள் திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டபோது, ஆங்கிலச் சொல்லின்மேல் அக்கண்டனமே படிந்தது. திருமறை மொழிபெயர்ப்பு ஒரு மொழியின் சொல்லை எவ்வாறு உருமாற்றுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

நம் திருச்சபையின் தொடக்கமும் இத்தகைய சொற்களின் நடுவிலேயே நிகழ்ந்தது. 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் ஜெர்மானியர். அவர்களை அனுப்பிய அரசரும் அவ்வூரின் ஆட்சியாளரும் டேனிஷ் மொழியினர். 1698-இல் லண்டனில் தோன்றிய கிறிஸ்தவ அறிவு வளர்ப்புச் சங்கத்தினராகிய ஆங்கிலேயர் பணமும் அச்சுப்பொறியும் தந்து உதவினர். கொடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அதைப் பெற்ற ஜெர்மானியர் மொழியில் நஞ்சைக் குறித்தது. அவர்கள் ஹாலே நகருக்கு எழுதிய மடல்கள் 1710 முதல் அச்சேறின. மடலுக்கு ஜெர்மனில் 'ப்ரீஃப்' என்று பெயர். ஆங்கிலத்தில் அதே எழுத்துகள் 'சுருக்கமான' என்று பொருள்படும். இரண்டும் குறுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. அரச அலுவலகத்துக் குறுஞ்சீட்டு ஜெர்மனில் மடலாயிற்று. ஆகவே பதினாறு அதிகாரங்கள் கொண்ட ரோமர் நிருபமும் ஜெர்மன் திருமறையில் 'ப்ரீஃப்' என்றே தலைப்புப் பெற்றுள்ளது!

7. வேரும் வாக்கியமும்

இனி, பயன்பாட்டுக்கு வருவோம். ஜெர்மனில் 'ஃபாஸ்டென்' என்றால் நோன்பிருத்தல். ஆங்கிலத்தில் அதே எழுத்துகள், 'ஃபாஸன்' என ஒலித்து, கட்டுதல், இறுக்குதல் என்று பொருள்படும். இரண்டும் 'உறுதி' என்னும் ஒரே வேரின. கோத்திக் மொழியில் கைக்கொள்ளுதலுக்கும் நோன்பிருத்தலுக்கும் ஒரே வினை நின்றது. இதை அறிந்த மறையுரையாளர் ஒருவர், நோன்பு என்பது நம்மை இறைவனோடு இறுகக் கட்டுவது என்று தபசுகாலத்தில் உரையாற்ற விரும்பலாம். சொற்பிறப்பு இங்கே அவருக்குத் துணை நிற்கிறது. திருமறை துணை நிற்கவில்லை. ஏசாயா 58:6-இல் கடவுள் தமக்கு உகந்த நோன்பை விவரிக்கும்போது கட்டுகளை அவிழ்ப்பதையும், நெருக்கப்பட்டோரை விடுதலையாக்குவதையும் பற்றியே பேசுகிறார். எபிரேயத் தீர்க்கதரிசியின் வாக்கைக் கோத்தியரின் வினைச்சொல்லைக் கொண்டு விளக்கினால், கேட்போர் நோன்பின் நீதியை இழந்து சொல்லின் அழகைப் பெறுவர்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பழைய ஏற்பாட்டு அறிஞர் ஜேம்ஸ் பார், 1961-இல் திருமறை மொழியின் பொருளியலைப் பற்றி வெளியிட்ட நூலில் இத்தவற்றை விரிவாகக் கண்டித்தார். 1933 முதல் கிட்டெல் பதிப்பித்த புதிய ஏற்பாட்டு இறையியல் அகராதியும் அவருடைய திறனாய்வுக்குத் தப்பவில்லை. சொல்லின் வேர் அதன் வரலாற்றைக் கூறும். ஓர் ஆசிரியர் அதனை எப்பொருளில் வழங்கினார் என்பதை வாக்கியமே கூறும் என்பது அவர் வாதத்தின் சாரம். நாம் மேலே கண்ட சொற்கள் அனைத்தும் இதற்குச் சான்று பகர்கின்றன.

தென்னிந்திய இறையியல் கல்லூரிகளில் தமிழரும் தெலுங்கரும் அருகருகே அமர்ந்து பயில்கின்றனர். அவசரம் என்னும் சொல் ஒருவருக்கு விரைவு, மற்றவருக்குத் தேவை. இருவரும் உரையாடலில் இதை விரைவிலேயே கற்றுக்கொள்கின்றனர். ஏனெனில் எதிரில் இருப்பவர் உடனே திருத்துகிறார். நூலில் உறையும் ஆசிரியரோ நம்மைத் திருத்த எழுந்து வருவதில்லை. பவுலும் யாக்கோபும் ஏசாயாவும் தாம் கூறாத பொருளை நாம் அவர்கள் வாயில் இட்டாலும் மறுமொழி கூறுவதில்லை. பேசாதவருக்காக நாமே காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆகவே மறையுரை ஆயத்தம் செய்யும் ஆயரும் மாணவரும் மூன்றைக் கடைப்பிடித்தல் நன்று. அறிமுகமானது போல் தோன்றும் சொல்லையே முதலில் அகராதியில் தேடுக. அறியாத சொல் தன் அறியாமையைத் தானே காட்டிவிடும். வேர்ப்பொருளைக் கண்டபின், அப்பொருள் அந்த வசனத்தில் வழங்குகிறதா என்று சோதித்தறிக. இனிய சொற்பிறப்பு விளக்கம் கிடைக்கும்போது, அது இல்லாமலும் நம் கருத்து நிற்குமா என்று வினவுக. கடவுள் நல்லவர் என்னும் அறிக்கைக்கு ஆங்கில எழுத்துகளின் ஒற்றுமை தேவையில்லை. சங்கீதக்காரரும் திருத்தூதரும் அதனை வேறு மொழிகளில், வேறு எழுத்துகளில் அறிந்திருந்தனர். தம் மக்களிடம் அவர் செய்தவற்றிலிருந்து அதனைக் கற்றனர்.